புக்கிட் பாஞ்சாங்: உழைப்பு விளைத்த உலாக்களம்

மலாய் மொழியில் 'புக்கிட்' என்பது குன்று. 'பாஞ்சாங்' என்பது நீளம். ஆகவே, புக்கிட் பாஞ்சாங் என்னும் பெயருக்கு நெடுங்குன்றம் என்பதே பொருள். சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள இவ்வூருக்குத் தெற்கே புக்கிட் தீமா குன்று நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். தமிழ்நாட்டு மலைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது சிறு மேடாகவே தோன்றும். எனினும் இத்தீவில் இயற்கையாய் அமைந்த இடங்களுள் இதனினும் உயர்ந்தது வேறில்லை. ஊருக்குக் கிழக்கே அடர்ந்த காடு, காட்டினிடையே நீர்த்தேக்கங்கள். விடுமுறை நாள்களில் இப்பகுதியில் நடப்போரும் ஓடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் படகு வலிப்போரும் பலர்.

குன்றும் நீரும் கூடிய இவ்விடத்தை முழுதும் இயற்கை தந்த கொடை என்று அவர்கள் எண்ணுதல் இயல்பே. ஆனால், வரலாறு வேறொன்று கூறுகிறது. குன்று இயற்கையின் படைப்பு. குன்றுக்குச் செல்லும் வழியும் அதனைச் சூழ்ந்த நீர்நிலைகளும் மனிதர் கைகளின் படைப்பு. அக்கைகளுள் தமிழர் கைகளும் உண்டு.

வழி வகுத்தோர்

1825 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள், சுமத்திராவின் பெங்கூலனிலிருந்து ஒரு கப்பல் சிங்கப்பூரை அடைந்தது. அதில் வந்தோர் சென்னையிலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த 80 கைதிகள். அவர்களைத் தொடர்ந்து வங்கத்தினின்றும் பிற பகுதிகளினின்றும் கைதிகள் வந்தனர். 1873 இல் இம்முறை ஒழியும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், சிங்கப்பூரின் சாலைகள் பலவற்றை அமைத்தவர்கள் இவர்களே. நகரத்தைக் கிராஞ்சியோடு இணைத்த புக்கிட் தீமா சாலையும் அவற்றுள் ஒன்று. அது 1845 அளவில் நிறைவெய்தியது. காட்டை வெட்டி, சதுப்பைத் தூர்த்து, புலிக்கு அஞ்சிக்கொண்டே செய்த வேலை அது. இன்று அச்சாலை வழியே குன்றை நாடிச் செல்வோர் அவர்களுள் ஒருவர் பெயரையேனும் அறியார்.

வண்டு தேடிய அறிஞர்

1854 இல் ஆங்கில இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலேஸ் இப்பகுதிக்கு வந்தார். கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். ஏறத்தாழ இரண்டு திங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில் கிடைத்தவை. இவ்வளவு வளம் எவ்வாறு வாய்த்தது? மண்ணும் மழையும் மட்டும் காரணமல்ல. சீன மரவெட்டிகள் வீழ்த்திய மரங்களின் பட்டையும் தூளும் உலர்ந்த இலையும் வண்டுகளுக்கு இரையாயின என்று வாலேசே தம் நூலில் எழுதியுள்ளார். அறிஞரின் தேட்டத்துக்கும் தொழிலாளியின் கோடரியே துணை நின்றது.

ஆனால், கோடரிக்கும் ஓர் எல்லை வேண்டியிருந்தது. கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடு விரைந்து அழிந்தது. தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராய் இருந்த நத்தானியல் காண்ட்லி, எஞ்சிய காடுகளைக் காக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார். அதன்படி 1883 இல் புக்கிட் தீமா காப்புக்காடாயிற்று. 1951 இல் இயற்கைக் காப்பகச் சட்டம் அதற்கு மேலும் வலிவு தந்தது. அன்று அக்காப்பு இல்லையேல் இன்று ஏறுவதற்குக் குன்று இருந்திருக்கலாம். நிழலுக்குக் காடு இருந்திராது.

வெட்டிய நீர்நிலைகள்

வீராணம் ஏரியைக் கடல்போல் கண்டு வியக்கும் தமிழர், அது சோழர் காலத்து உழைப்பின் விளைவு என்பதையும் அறிவர். சிங்கப்பூரின் நீர்நிலைகளும் அத்தகையனவே. நகர மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்க வேண்டி, தான் கிம் செங் என்னும் சீன வணிகர் 1857 இல் 13,000 வெள்ளி வழங்கினார். 1864 இல் அவர் மறைந்தார். தம் கொடையின் பயனை அவர் கண்டாரில்லை. 1860களின் பிற்பகுதியில்தான் தாம்சன் சாலை நீர்த்தேக்கம் உருவாயிற்று. 1922 இல் அது மெக்ரிட்சி என்னும் நகராட்சிப் பொறியாளரின் பெயர் பெற்றது. தாம்சன் சாலை நீர்த்தேக்கத்துக்குப் பின் பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்களும் எழுந்தன. குடிநீருக்காகக் காத்த காடே பிற்காலத்தில் உலாவுவோர்க்கும் உரியதாயிற்று. மெக்ரிட்சிக் காட்டில் 2004 இல் திறக்கப்பட்ட 250 மீட்டர் நீளத் தொங்கு பாலம் மர உச்சிகளின் அருகே மக்களை நடத்திச் செல்கிறது.

குன்றின் அடிவாரத்துக் குளங்களின் கதை வேறு. அவை கருங்கல் வெட்டிய பள்ளங்கள். சாலைக்கும் கட்டடத்துக்கும் பாறையைப் பிளந்துகொண்டே ஆழச் சென்றபோது, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பின்னர் வேலை நின்றது, இறைப்பும் நின்றது. ஊற்று நீரும் மழை நீரும் பள்ளங்களை நிரப்பின. வெடியோசை கேட்ட இடத்தில் இன்று பறவையொலி கேட்கிறது. அருகிலிருந்த பால்பண்ணையும் 2009 இல் இயற்கைப் பூங்காவாயிற்று. பழைய மாட்டுத்தொழுவம் ஒன்று வாலேஸ் பெயரால் கல்வி நிலையமாக மாறியது.

இருப்புப்பாதையின் மறுவாழ்வு

1903 இல் உட்லண்ட்ஸ் நோக்கி அமைந்த இருப்புப்பாதை புக்கிட் பாஞ்சாங் வழியே சென்றது. தண்டவாளம் பேணும் வேலையில் மலாயா எங்கும் தென்னிந்தியத் தொழிலாளர் மிகுதியாய் இருந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. 2011 ஜூன் 30 ஆம் நாள் தஞ்சோங் பகாரிலிருந்து இறுதி வண்டி புறப்பட்டது. அதன்பின் 24 கிலோமீட்டர் நீளப் பாதை மக்கள் நடக்கும் பசுமை வழியாயிற்று. வெயிலில் சல்லி கொட்டியவர்களின் அடிச்சுவட்டின்மேல் இன்று சிறுவர் ஓடி விளையாடுகின்றனர்.

களைப்புற்ற குன்று

உழைப்பு தந்த இன்பத்தை இன்பமே அழித்தலும் கூடும். ஓயாத காலடிகளால் புக்கிட் தீமாவின் பாதைகள் தேய்ந்தன, சரிவுகளும் தளர்ந்தன. 2014 செப்டம்பரில் சீரமைப்புக்காக மூடப்பட்ட காப்பகம் 2016 அக்டோபரில்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே காலத்தில் புக்கிட் பாஞ்சாங்கை ஒட்டி 81 எக்டேர் பரப்புள்ள செஸ்ட்நட் பூங்கா உருவாயிற்று; அங்கு நடப்போர்க்கும் மலை மிதிவண்டியாளர்க்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. குன்றின் சுமையைப் பகிர்ந்துகொள்வதும் இத்தகைய பூங்காக்களின் நோக்கம். 1986 இல் விரைவுச்சாலை இருகூறாக்கிய காட்டை விலங்குகளுக்காக இணைக்கும் 62 மீட்டர் நீளப் பசுமைப் பாலமும் 2013 இல் நிறைவெய்தியது. விலங்கு கடக்கும் அப்பாலத்தின்மேல் மனிதர் உலாவுதற்கு இசைவில்லை, அது முறையே.

மாணவரை இக்குன்றுக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், மரங்களின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், "இங்கு வரும் சாலையை முதலில் வெட்டியவர் யார்?" என்றும் கேட்பாராயின், அந்த உலா வரலாற்றுப் பாடமாகும். வழியமைத்தவர் பெயர் மறைந்துவிட்டது, வழி இருக்கிறது. அதைத் தேயாமற் காப்பதே அவர்க்குச் செய்யத்தக்க கைம்மாறு.