ஜாஸ் மேடைக்குப் போன இலங்கைக் குரல்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்று ஜாஸ் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். எங்களுக்கும் யோலண்ட் பவன் என்ற பெயர் கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான் தெரியும். கொழும்பில் பிறந்த பாடகி அவர்.

1962இல் அமெரிக்காவில் ஒரு மூவர் குழு கொடிகட்டிப் பறந்தது: டேவ் லாம்பர்ட், ஜான் ஹென்ட்ரிக்ஸ், ஆனி ராஸ். சாக்ஸபோனும் டிரம்பெட்டும் வாசித்த இசைக்கு வார்த்தை போட்டு, ஒரு சுரம் பிசகாமல் பாடுவது அவர்கள் பாணி. நாதஸ்வர ஆலாபனைக்கு வரி எழுதி, அதே வேகத்தில் பாடுவதாக நினைச்சுப் பாருங்க! அந்த வருசம் ஆனி ராஸ் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் பவன். குழுவின் பெயரே 'லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் பவன்' என்று மாறியது. 1963இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடினார்கள்.

இதை வெறும் அதிர்ஷ்டம்னு சொல்லிட முடியாது. அதற்கு முன்பே ஆஸ்திரேலிய பியானோ கலைஞர் கிரேம் பெல்லின் குழுவோடு ஆஸ்திரேலியாவிலும் ஆசியாவிலும் பாடியிருந்தார். பிறகு பிரிட்டன் போய், ஐரோப்பிய மேடைகளில் பாடினார். இடம் காலியானபோது அவர் தயாராக இருந்தார். தயாராவதற்கு மேடைகளும் கிடைத்திருந்தன.

இங்கேதான் எங்களுக்கு மலையகம் ஞாபகம் வருது. பவனின் குழு கலைந்தது 1964இல். அதே வருசம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்து, எந்த நாட்டிலும் சேராமல் நின்ற சனம் அது. பாஸ்போர்ட்டே இல்லாத லயத்துப் பிள்ளை எந்தக் குழுவோடு வெளிநாடு போயிருக்கும்?

அதுக்காக இங்கே குரல் இல்லாமல் போகவில்லை. 1930களில் கோ. நடேசய்யரோடு கூட்டங்களுக்குப் போன மீனாட்சி அம்மாள், தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே பாடினார். அவருடைய பாடல்கள் 1940இல் புத்தகமாகவும் வந்தன. அவருக்கு மேடை போட்டது கூட்டத்துக்கு வந்த சனம்தான்.

"திறமை இருந்தா தானா மேல வரலாம்" என்று பள்ளிக்கூட விழாக்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். பவனின் கதையைச் சொல்லும்போது, அவருக்குக் கிடைத்த மேடைகளையும் சேர்த்துச் சொல்லுவோம். அடுத்த முறை தோட்டத்துத் திருவிழாவில் ஒரு தங்கச்சி பாட வந்தால், மைக்கை முதலில் அவளிடம் கொடுப்போம்.