கிட்டே போகாமல் பார்ப்பது: டெலி லென்ஸின் வரலாற்றில் சில தேர்வுகள்

நண்பர் ஒருவர் ஊர்வலங்களையும் மறியல்களையும் பல வருஷங்களாகப் படம் எடுத்துவருகிறார். பிழைப்புக்காக அல்ல. சமீபத்தில் ஒரு கேள்வியோடு வந்தார். "கையிலே கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு. டெலி ஜூம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். 70-200ஆ, 70-300ஆ, இல்லே 100-400ஆ? பழசா இருந்தாலும் பரவாயில்லை." தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? கேமரா பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டதுதான். இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம். எந்த லென்ஸ் என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, படத்தில் விழப்போகிறவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதைத்தான். தள்ளி நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கடைக்காரரின் விலைப்பட்டியலில் அது இருக்காது.

1891இல் லண்டனில் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர், மூனிக்கில் அடோல்ஃப் ஸ்டைன்ஹைல், பெர்லினில் அடோல்ஃப் மீத்தே என்று மூன்று பேர் ஒருவரையொருவர் சாராமல் ஒரே வருஷத்தில் டெலி லென்ஸை உருவாக்கினார்கள். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டியது அவர்கள் சாதனை அல்ல. தொலைநோக்கி வந்து அப்போதே முந்நூறு வருஷம் ஆகப்போகிறது. அவர்கள் செய்தது குறுக்கல். சாதாரண லென்ஸில் குவியத்தூரம் 300 மி.மீ. என்றால் தகட்டிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு தூரம் லென்ஸ் தள்ளி நிற்க வேண்டும். கேமரா நீண்ட பெட்டியாகிவிடும். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அதைச் சற்று விரிக்கும் தொகுதி என்று வைத்தால், லென்ஸின் நீளம் அதன் குவியத்தூரத்தை விடக் குறைந்துவிடும். டெலி லென்ஸ் என்ற பெயர் கண்டிப்பாகப் பார்த்தால் இந்த ஏற்பாட்டுக்கு மட்டுமே உரியது. தூரத்துப் பார்வையைத் தூக்கிக்கொண்டு போகவும், வேண்டுமென்றால் ஒளித்துவைக்கவும் முடிகிற பொருளாக மாற்றியதுதான் 1891இன் செய்தி.

இந்தச் சௌகரியத்தை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அல்லது ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம்.

1913. பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சஃப்ரஜெட்டுகள் லண்டன் ஹாலவே சிறையில் நிரம்பியிருந்தார்கள். உண்ணாவிரதம் இருந்து உடல் நலிந்தவர்களை வெளியே விட்டு, தேறியதும் மறுபடி பிடித்து அடைக்க அந்த வருஷமே ஒரு சட்டம் வந்தது. பூனை-எலிச் சட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். வெளியே விடப்பட்டவர்கள் தலைமறைவானால் அடையாளம் காண முகம் வேண்டும். அந்தப் பெண்களோ போலீஸ் கேமராவின் முன்னால் உட்கார மறுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள், முகத்தைக் கோணிக்கொண்டார்கள், தலையை ஆட்டினார்கள். அந்தக் கால கேமராவுக்கு இது போதும், படம் கலங்கிவிடும். அரசு தர மறுத்த வாக்குக்குப் பதிலாக இவர்கள் தங்கள் முகத்தைத் தர மறுத்தார்கள்.

அப்போதுதான் அதிகாரிகள் ஒரு டெலி லென்ஸ் வாங்கினார்கள். ராஸ் கம்பெனியின் 'டெலிசென்ட்ரிக்', 11 அங்குலம். விலை 7 பவுண்டு 6 ஷில்லிங் 11 பென்ஸ். கணக்கு எழுதி வைப்பதில் அரசாங்கத்தை மிஞ்ச ஆளில்லை. பென்ஸ் வரைக்கும் குறித்துவைத்ததால்தான், 2003இல் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளிலிருந்து இந்தச் சங்கதி வெளிச்சத்துக்கு வந்தது. 11 அங்குலம் என்றால் சுமார் 280 மி.மீ. நண்பர் கேட்ட 70-300இன் கடைசி முனைக்குப் பக்கத்தில் வருகிறது. (அன்றைய தகடு இன்றைய சென்சாரைவிடப் பெரிது, அதனால் இன்றைய 280 அளவுக்குக் கிட்டே இழுத்திருக்காது.) சிறை முற்றத்தில் நிறுத்திய வண்டிக்குள் புகைப்படக்காரர் ஒருவரை ஒளித்துவைத்தார்கள். பெண்கள் காற்று வாங்க நடந்தபோது படங்கள் எடுக்கப்பட்டன. அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒளித்துவைக்கும்படியாக லென்ஸ் குறுகியதன் பலன் இதுதான்.

1914 மார்ச் 10இல் மேரி ரிச்சர்ட்சன் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குள் போய், வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தைக் கறி வெட்டும் கத்தியால் கிழித்தார். எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டைக் கைது செய்ததற்கான பதில் அது. இதன்பின் போலீஸின் குற்றப்பதிவு அலுவலகம் ரகசியப் படங்களையும் சேர்த்துத் தாள்களாக அச்சிட்டு ஓவியக்கூடங்களுக்கு அனுப்பியது, வாசலில் நிற்பவர் முகம் பார்த்துத் தடுக்கட்டும் என்று. தேசிய உருவப்படக் கூடத்துக்கும் ஒரு செட் போனது. தடுத்துவிட்டார்களா என்றால் இல்லை. அதே வருஷம் ஜூலையில் அங்கேயே மில்லே வரைந்த கார்லைல் உருவப்படம் வெட்டப்பட்டது. போலீஸ் தாள்கள் இன்று அந்தக் கூடத்தின் சேகரிப்பில் உள்ளன. வாசற்காவலுக்கு வந்த தாள் உள்ளே போய் உருவப்படமாகிவிட்டது.

அந்தத் தாள்களில் இருக்கிற ஈவ்லின் மானெஸ்டாவின் படத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது டெலி லென்ஸில் எடுத்ததல்ல. கிட்டே வைத்து, சிறைக்காவலர் ஒருவர் அவர் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்திருக்க, எடுக்கப்பட்டது. தாளில் அச்சானபோது அந்தக் கை காணாமல் போய்விட்டது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டெலி லென்ஸ் எதற்கு வந்தது என்று புரிந்துவிடும். கிட்டே போனால் கை தேவைப்படுகிறது, பிறகு அந்தக் கையை அழிக்க வேண்டியிருக்கிறது. 11 அங்குல லென்ஸ் வந்தபின் அழிப்பதற்குக் கையே கிடையாது. வன்முறை படச் சட்டகத்துக்குள் வராமலே காரியம் முடிகிறது. பூக்கோவின் பெயரைச் சொல்லாமல் நம் சிறுபத்திரிகைகளில் இப்படியொரு கட்டுரை முடிவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். பூக்கோ எடுத்துக்காட்டும் பெந்தாமின் கோபுரத்தில், கைதிக்குத் தான் பார்க்கப்படலாம் என்பது எப்போதும் தெரியும். அந்தத் தெரிதலே அவரை ஒடுக்குகிறது. ஹாலவே முற்றத்தில் நடந்த பெண்களுக்கு அந்தத் தெரிதல்கூட இல்லை. தெரிந்திருந்தால் முகத்தைக் கோணியிருப்பார்கள்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அகரச் சுட்டு தூரத்தில் இருப்பதைக் காட்டும், இகரச் சுட்டு பக்கத்தில் இருப்பதை. 'அவள்' 'இவள்' ஆவதற்கு யாராவது ஒருவர் நடந்து வர வேண்டும். டெலி லென்ஸ் யாரும் நடக்காமலே 'அவளை' 'இவள்' ஆக்குகிறது. ஆனால் அவளுக்கு நாம் 'அவன்'கூட இல்லை; அவள் பார்வையில் நாம் இல்லவே இல்லை.

இதோடு நிறுத்தினால் டெலி லென்ஸ் அதிகாரத்தின் கருவி என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போகலாம். சூசன் சொண்டாக் 1977இல் வந்த புகைப்படம் பற்றிய தன் நூலில் கேமராவைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டதையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். நம்மில் பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். ஆனால் வரலாறு அவ்வளவு சௌகரியமாக வளைந்து கொடுப்பதில்லை.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற 35 மி.மீ. கேமராவை 1930களில் லைக்கா பரப்பியது. ஆனால் அதில் பார்ப்பது தனிச் சாளரம் வழியாக. நீண்ட லென்ஸ் போட்டால் எது சட்டகத்துக்குள் விழும், எது தெளிவாக இருக்கும் என்பதைச் சரியாகக் கணிக்க முடியாது. லென்ஸ் வழியாகவே பார்க்கிற எஸ்.எல்.ஆர். கேமரா பரவிய பிறகுதான் டெலி லென்ஸ் சாதாரணப் புகைப்படக்காரர் கைக்கு வந்தது. 1959 முக்கியமான வருஷம். நிக்கான் எஃப் வந்தது. ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போன ஃபிராங்க் பேக் வடிவமைத்த 36-82 மி.மீ. ஜூமார், 35 மி.மீ. கேமராக்களுக்காகச் சந்தைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், அதே வருஷம்தான் வந்தது. சினிமாவிலும் டெலிவிஷனிலும் ஜூம் அதற்கு முன்பே இருந்தது. நிக்கான் 85-250 மி.மீ. டெலி ஜூமை அறிவித்ததும் 1959இல்தான். அதுவரை குவியத்தூரத்தை மாற்ற லென்ஸைக் கழற்ற வேண்டும், அல்லது காலால் நடக்க வேண்டும். இனி விரலை அசைத்தால் போதும். நடையை விரல் பதிலீடு செய்தது என்பது கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும்.

1989 ஜூன் 5. பெய்ஜிங் சாங்கான் சாலையில், கொலைகள் நடந்த மறுநாள், டாங்கிகளின் வரிசைக்கு முன்னால் ஒருவர் கையில் பைகளோடு நின்றார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்திரிகை வாசகர்களில் இருக்கமாட்டார்கள். அதை 'ஒரு படம்' என்று நினைக்கிறோம், எடுத்தவர்கள் பலர். அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜெஃப் வைடனர், மேக்னத்தின் ஸ்டூவர்ட் ஃபிராங்க்ளின், நியூஸ்வீக்குக்காகச் சார்லி கோல், ராய்ட்டரின் ஆர்தர் சாங். பெய்ஜிங் ஹோட்டலின் உயரத்திலிருந்து, டெலி லென்ஸ் வழியாக எடுக்கப்பட்டவை. கிட்டே போயிருந்தால் படமும் இருந்திருக்காது, எடுத்தவரும் இருந்திருப்பாரோ என்னவோ. இங்கே ஒளிந்திருந்தவர் அரசின் ஆள் அல்ல, அரசிடமிருந்து ஒளிந்தவர். கோல் தன் ஃபிலிமைக் கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்துவைத்தார். ஃபிராங்க்ளினுடைய ஃபிலிம் தேயிலைப் பொட்டலத்தில் மறைந்து நாட்டை விட்டு வெளியேறியது.

வைடனரின் கதை, லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஆறாவது மாடி பால்கனியில் 400 மி.மீ. லென்ஸோடு நின்றார். தூரம் அதிகம். குவியத்தூரத்தை இரட்டிப்பாக்கும் டெலிகன்வர்ட்டர் அறைக்குள் இருந்தது. போய் எடுத்துவருவதற்குள் அந்த மனிதர் போய்விட்டால்? ஓடிப் போய் எடுத்துவந்து மாட்டினார், 800 மி.மீ. ஆனது. இரட்டிப்பாக்கும் கன்வர்ட்டர் ஒளியை நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். போதாததற்கு, ஃபிலிம் தீர்ந்துபோய், உதவிய மாணவர் ஒருவர் சுற்றுலா வந்தவரிடம் வாங்கிக் கொடுத்த சுருள் வேகம் 100. இவர் பழகியிருந்த கணக்கோ 800. ஷட்டர் வேகம் மிகவும் இறங்கிவிட்டது. கையில் பிடித்து எடுத்தால் குவியத்தூரத்தின் தலைகீழாவது ஷட்டர் வேகம் இருக்க வேண்டும், 800 மி.மீ.க்கு ஒரு செகண்டில் 800இல் ஒரு பங்கு, என்பது பழைய கணக்கு. அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. தப்பியது அதிர்ஷ்டம்.

இருபது வருஷம் கழித்து, 2009இல், இன்னொரு படம் வெளியானது. அசோசியேட்டட் பிரஸ் நிருபர் டெரில் ஜோன்ஸ் தெருவிலேயே நின்று எடுத்தது. முன்னால் ஒருவர் குனிந்துகொண்டு நம்மை நோக்கி ஓடிவருகிறார். பின்னால் தூரத்தில் டாங்கிகள் வருகின்றன. அவற்றை எதிர்பார்த்து, மரங்களுக்கு நடுவே, சின்னதாக, பைகளோடு அவர். எடுக்கும்போது ஜோன்ஸ் அவரைக் கவனிக்கவில்லை. பிறகு கழுவிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டார்.

பால்கனிப் படங்கள் ஒரு மாவீரனைத் தந்தன: ஒற்றை மனிதன் எதிர் அரசு. அது வெறும் தெரு, அவர் வெறும் தனியர். தெருவிலிருந்து எடுத்த படத்திலோ துப்பாக்கிக்குப் பயந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தெருவின் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களும் அன்றைக்கு வெளியே வந்தவர்கள்தான். இரண்டும் உண்மை. ஆனால் முதலாவது போஸ்டராகி உலகம் முழுக்க ஒட்டப்பட்டது. தனிநபர் வீரத்தை மட்டுமே அரசியலாகப் படிக்கப் பழகியவர்களுக்கு அது வாகாக இருந்தது. ஓடியவர்களை வெட்டித் தள்ளியது யாருடைய கத்தரியும் அல்ல, 300ம் 400ம் 800ம்.

லென்ஸ் நெருக்கிக் காட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதுவும் பாதிதான் சரி. நெருக்குவது தூரம். ஒருவர் பின்னால் ஒருவர் மூன்று மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள். முன்னவருக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் பின்னவர் பாதி உயரம்தான் தெரிவார். 60 மீட்டர் தள்ளிப் போனால் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒட்டி நிற்பது போல. லென்ஸ் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா நாட்களில், டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் நிறுவனப் புகைப்படக்காரர்கள் இருவர் கோபன்ஹேகனில் ஒரே கூட்டத்தை அகல லென்ஸாலும் டெலியாலும் எடுத்துக் காட்டினார்கள். ஒன்றில் ஜனங்கள் விலகி நின்றார்கள், மற்றதில் முண்டியடித்தார்கள். எந்தப் படத்தைப் பார்த்து யாரைத் திட்டுவது? நூறு பேர் ஆர்ப்பாட்டத்தை ஆயிரம் பேராகக் காட்ட நாமும் இதே வேலையைச் செய்வதுண்டு. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் பெரிய எண்ணையே கேட்கிறார்கள்: 200 போதுமா, 300 வேண்டுமா, 400 இருந்தால் நல்லதா? சின்ன எண்ணைக் கேளுங்கள் என்றேன். 100இல் தொடங்கும் லென்ஸை மாட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குள் நின்றால் பக்கத்தில் நடப்பவரின் முகம் மட்டும்தான் கிடைக்கும், அவர் பிடித்திருக்கும் தட்டியும் அவர் தோளில் கை போட்டிருப்பவரும் வெளியே போய்விடுவார்கள். அவருடைய கேமராவில் சென்சார் சின்னது. 70 மாட்டினாலே 105 அளவுக்குத்தான் தெரியும், 100 மாட்டினால் 150. தூர முனையில் 200ஏ 300 ஆகிவிடுகிறது, அதற்கு மேல் எதற்கு? வெளிச்சக் கணக்கு தனி. மலிவான 70-300கள் தூர முனையில் எஃப்/5.6க்கு இறங்கிவிடும், எஃப்/2.8 தரும் ஒளியில் நாலில் ஒரு பங்கு. சாயங்கால மறியலில் இது உறைக்கும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு லென்ஸில் இருக்கலாம். அது நம் கையை நிறுத்தும், தடியடியில் ஓடுகிறவரை நிறுத்தாது. எஃப்/2.8 ஜூம் ஒன்றரைக் கிலோ கனம், எஃப்/4 அதில் பாதி. ஓட வேண்டி வந்தால் பாதிக் கனமே நல்லது.

"அப்ப போலீஸ்காரன் வீடியோ கேமராவோட எதிர்ப் பக்கம் நிக்கிறானே, அவனை எதுலே எடுக்கிறது?" என்று கேட்டார். 200இன் முனையில் எடுங்கள் என்றேன். பத்து நாள் கழித்துப் பழைய 70-200, எஃப்/4 ஒன்று வாங்கிவந்து காட்டினார். முன் கண்ணாடியில் ஒரு கீறல், அதனால் விலை குறைந்ததாம். படத்தில் அது விழாது என்றார். ஜன்னல் வழியாகத் தெருவை எடுத்துப் பார்த்தோம். 200இல் டீக்கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். அவருக்குத் தெரியாது. நண்பர் கேமராவை இறக்கிவைத்துவிட்டுக் கீழே போய், ஒரு டீ சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.