லைட்டு வைக்கலைன்னா பல்லு நிக்காதா?

"ஏம்ப்பா, இந்த லைட்டு வைக்கலைன்னா பல்லு நிக்காதா?" என்று கேட்டார் சித்தப்பா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரர். கள்ளக்குறிச்சிக்கு வந்து கீழ்த்தாடையில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டார். புண் சீக்கிரம் ஆற நாலைந்து தடவை லேசர் வைக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மலை இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பதில் சொல்லும் முன் பழைய கதையைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

1950களில் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். கடைசியில் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானிய வேர்களைப் பதித்தார்.

லேசர் கதை புடாபெஸ்டில் நடந்தது. 1967இல் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், புற்றுநோய் ஆய்வுக்காக முடி மழித்த எலிகள் மேல் ரூபி லேசரைப் பாய்ச்சினார். எதிர்பாராத விதமாக, ஒளி பட்ட இடத்தில் முடி வேகமாக முளைத்தது. அங்கிருந்து ஆறாத புண்களின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. இது சதையை வெட்டும் லேசர் இல்லை. சக்தி குறைந்த ஒளி. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இதை உறிஞ்சிக் கூடுதல் ஆற்றல் தருகிறது என்பதுதான் இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வலி, வீக்கம் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எலும்பின் பிடிப்பு கூடுமா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

இப்போது அந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லார்சனுக்குப் பல் வேர் பதித்தபோது மெஸ்டரின் எலிகளே இன்னும் வரவில்லை. ஆனாலும் 2006இல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அந்த வேர்கள் உழைத்தன. பிரோனமார்க் நம்பியது காத்திருப்பை: கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் பாரம் ஏற்றாமல் விடுவது.

"லைட்டு இல்லாமலும் நிக்கும் சித்தப்பா. வலி தாங்கலைன்னா வச்சுக்கலாம், டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. தையல் பிரிக்கிற நாளை மட்டும் விட்றாதீங்க. சுகரைப் பாத்துக்குங்க. பீடியை விட்டுடுங்க, அதுதான் எலும்பைப் பிடிக்க விடாது."

"லைட்டுக்கே காசு குடுத்துடலாம் போலிருக்கே" என்றார்.