இளம்பெண்களின் முடி உதிர்வும் ஹார்மோன்களும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறம்

பூப்பெய்திய பெண்களிடம் ஆண்ட்ரோஜன், இன்சுலின், தைராய்டு, ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தால் தலைமுடி மெலிவதையும் கொத்தாகக் கொட்டுவதையும் ஹார்மோன் சார்ந்த முடி உதிர்வு என்கிறோம். ரந்தாவ், சிலியாவ், லின்சம், சுவா பெத்தோங், பகாவ் எனப் பரந்து கிடக்கும் மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு எண்ணெயும் ஷாம்பூவும்தான் முதலில் தேடப்படுகின்றன. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? அதைக் கேட்காமல் கடந்துவிட்டால் நீரிழிவுக்கும் பிள்ளைப்பேற்றுச் சிக்கலுக்கும் முன்னறிவிப்பாக வந்த ஓர் அடையாளம் கவனிக்கப்படாமலே போய்விடும்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, சுமார் 3 மாதம் ஓய்ந்திருந்து உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. காய்ச்சல், பிரசவம், கடும் பட்டினி போன்ற அதிர்ச்சி வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும். டிங்கி வந்து தேறிய பெண், அந்தக் காய்ச்சலை மறந்துவிட்ட பிறகு சீப்பைப் பார்த்து அஞ்சுவது இதனால்தான். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும்.

பிரசவத்துக்குப் பின் கொட்டுவதும் இதே வகை. கர்ப்ப காலத்தில் உயர்ந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் முடியை வளர்ச்சி நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். பிள்ளை பிறந்ததும் அது சரிய, இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதத்துக்குள் உதிர்வு தொடங்கும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலோருக்கு முடி பழைய அடர்த்திக்கு வந்துவிடுகிறது. ஒரு வயது கடந்தும் நிற்கவில்லை என்றால் தைராய்டையும் இரும்புச்சத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் தைராய்டு சுரப்பி அழற்சியுறுவது அரிதல்ல. சோர்வு, உடல் எடை ஏற்றம், குளிர் தாங்காமை ஆகியவற்றை ‘பிள்ளை பெத்த உடம்பு’ என்று ஒதுக்கிவிடுவதால் அது எளிதில் தப்பிவிடுகிறது. கருத்தடை மாத்திரையை நிறுத்திய சில மாதங்களிலும் இப்படி உதிர்வதுண்டு.

ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்களின் வழி வரும் உதிர்வின் போக்கு வேறு. அவற்றில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோன் முடிவேரில் ஐந்து-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியால் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. மரபால் அதற்கு உணர்திறன் மிக்க வேர்கள் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கி, தடித்த முடிக்குப் பதில் பூனைமுடியை விடத் தொடங்குகின்றன. பெண்களிடம் நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே இருக்க, உச்சியில் வகிடு அகலும். ஜெர்மானியத் தோல் மருத்துவர் எரிக் லுட்விக் 1977இல் இதை மூன்று படிகளாக வகுத்தார். இன்றும் மருத்துவர்கள் அந்தப் படிகளையே சொல்லிப் பேசுகிறார்கள். இந்த வகை உதிர்வுள்ள பெண்களில் பலருக்கு இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு இயல்பாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதனை முடிவு சரியாக வந்ததால் நோயே இல்லை என்று பொருளல்ல. வேரின் உணர்திறன்தான் அங்கே காரணம்.

நீர்க்கட்டி

இருபதுகளில் இருக்கும் பெண்ணுக்கு முடி உதிர்வோடு முகத்தில் பரு, மேலுதட்டிலும் தாடையிலும் கரடான ரோமம், 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகும் மாதவிலக்கு ஆகியவையும் சேர்ந்தால், ஊரில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லப்படும் பல்கட்டிச் சூலக நோயை ஐயுற வேண்டும். சிகாகோவில் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935இல் இதை விவரித்தார்கள். 2003இல் ரோட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சூலகத் தோற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் போதும். பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது பின்னர் சேர்ந்த விதி. அந்த வயதில் ஆரோக்கியமான சூலகமும் ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் 70 விழுக்காடு வரை கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

இந்நோயின் பின்னால் பல பெண்களிடம் இன்சுலின் நிற்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சூலகத்தைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனை அதிகமாக்குகிறது. கல்லீரல் உருவாக்கும், ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தையும் குறைக்கிறது. கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் முடிவேரை எட்டுகிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்த தோல் இதன் வெளிஅடையாளம். தேய்த்துக் குளித்தால் போகாத அந்தக் கறுப்பை அழுக்கென்று ஏசி மகளை நோகடிக்கும் தாய்மார்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மலேசிய இந்தியர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே மகளுக்கு வகிடு அகன்று, மாதவிலக்கு தள்ளிப்போய், தாய்க்கோ தந்தைக்கோ ‘இனிப்பு நீர்’ இருந்தால், அந்தப் பெண்ணின் சர்க்கரையையும் சோதிப்பது கட்டாயம். உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் அதில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. முடி அதைவிட மெதுவாகத்தான் திரும்பும்.

தோட்டத்தின் உடல்

பால்மரக் காலத்தில் தோட்டத்துப் பெண்ணின் இரத்தத்தைக் குடித்தது கொக்கிப்புழு. கழிப்பறை இல்லாத லயக் குடியிருப்புகளும் செருப்பில்லாத கால்களும் அதற்கு வழிவிட்டன. மலேரியாவும் சேர்ந்தபோது சோகை தோட்டத்தின் நிரந்தர நோயானது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றி விளக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்குத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர்தான் மருத்துவர். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; நீலாய், லாபு பக்கத் தோட்டங்கள் பல தாமான் குடியிருப்புகளாயின. அந்தக் குடும்பங்களின் பெண்கள் செனவாங் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். கொக்கிப்புழு பெரும்பாலும் போய்விட்டாலும் சோகை போகவில்லை: அதே 2019 ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்குச் சோகை. இரும்புச்சத்துக் குறைவு தனியாகவே முடியை மெலிவிக்கக் கூடியது. ஹார்மோன் கோளாறோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்கும். மாதவிலக்கில் அதிகம் இரத்தம் போகும் பெண்ணுக்கு இவ்விரண்டும் இருக்கக் கூடும்.

தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் நெடுங்காலமாகப் பெண்களே மிகுதி. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2002இல் தடை செய்ய முனைந்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரியிலிருந்து முழுமையாகத் தடை செய்துவிட்டது. அது நகத்தையும் தோலையும் கண்ணையும் கெடுப்பது உறுதி. இளம்பெண்ணின் வகிடு அகலுவதற்கு அதையே காரணமாகக் காட்டச் சான்றில்லை. மருந்தடிக்கும் பெண்ணையும் மற்றவர்களைப் போலவே முழுமையாகச் சோதிக்க வேண்டும்.

சோதனையும் மருத்துவமும்

அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). கடையில் வாங்கும் ஒரு புட்டி எண்ணெயின் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. இரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சர்க்கரை ஆகியவற்றோடு தொடங்கலாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் அளவுகளும் தேவை. முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு சோதனை முடிவையே பொய்யாக மாற்றிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் 2017இல் இது குறித்து எச்சரித்தது.

மருந்துகளில் தலையில் தடவும் மினாக்சிடிலுக்குச் சான்று அதிகம். இரத்த அழுத்த மாத்திரையாக வந்த அது உடலில் முடியை வளர்த்ததால் இந்தப் பயனுக்கு மாறியது. பெண்களுக்கு 2 விழுக்காட்டுக் கரைசல் 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடும். பயந்து நிறுத்திவிடுபவர்கள் பலர். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போகும். ஆண்ட்ரோஜன் மிகுந்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரையும் ஸ்பைரோனோலாக்டோனும் தரப்படுகின்றன. ஸ்பைரோனோலாக்டோன் ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக் கூடும். கருத்தரிக்க நினைப்பவர்களுக்கு அது ஆகாது. மினாக்சிடிலையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கிறார்கள்.

இரவுச் சந்தையான பாசார் மாலாமிலும் கைபேசி வழியாகவும் விற்கும் மாத்திரைகளையும் ஜாமு மூலிகை மருந்துகளையும் பற்றி ஒரு சொல். மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தின் உறையில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். இவை இல்லாத பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒளிந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மறைந்திருக்கும் ஸ்டீராய்டு எடையையும் சர்க்கரையையும் ஏற்றி, ஹார்மோன் கோளாறைப் புதிதாக உண்டாக்கும்.

எல்லா முடி உதிர்வும் ஹார்மோனால் வருவதல்ல. வட்ட வட்டமாக முடி கழிவது புழுவெட்டு. உடலின் எதிர்ப்பாற்றல் முடிவேரையே தாக்குவதால் வருவது. இறுகப் பின்னிய சடையால் நெற்றி ஓரம் மட்டும் வெறிச்சோடினால் பின்னலைத் தளர்த்த வேண்டும். சில மாதங்களுக்குள் குரல் தடித்து, உடல் ரோமம் பெருகி, முடி வேகமாகக் கொட்டினால் சூலகத்திலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கக் கூடும். அந்தப் பெண்ணை அடுத்த மாதத் தவணை வரை காத்திருக்க வைக்காமல், கிளினிக்கிலிருந்து நேராகச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.