ஒரே பட்டாளத்து உறவினர்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே உள்ளது சிறுதொலைவே. 1956 நவம்பர் 1ஆம் நாள் அச்சிறு வழியின் நடுவே மாநில எல்லை வந்து நின்றது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுகாறும் திருவிதாங்கூர் மக்களாய் வாழ்ந்த உறவினர் இரு மாநிலத்தவராயினர். எனினும் அவ்வெல்லையால் அறுபடாத உறவு ஒன்று உண்டு. அது பட்டாளத்து உறவு.

அதன் வேர் பழைமையானது. பகைவர் துரத்தியபோது மார்த்தாண்டவர்மர் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது செவிவழிச் செய்தி. அம்மன்னரின் படையே 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றது. சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அதே படைக்குப் பயிற்சி அளித்து, 'வலிய கப்பித்தான்' எனப் பெயர் பெற்று, 1777இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவரது கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. பகைவனாய் வந்தவன் படைத்தோழனாய் மாண்ட வரலாறு இது.

அக்காலத்து வீரரை அரசபக்தி ஒன்றே இயக்கியது என எண்ணுதல் தவறு. படியைக் குறைக்க முனைந்தமையால் 1804இல் அப்படையினரே கிளர்ந்தெழுந்தனர். 1809இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி ஒடுக்கப்பட்டபின் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. எஞ்சியது பின்னாளில் 'நாயர் பிரிகேடு' ஆயிற்று. அரண்மனைக் காவலும் விழா அணிவகுப்புமே அதன் பெரும்பணி. ஒரு குலத்தின் பெயரைத் தாங்கியிருந்ததால், பிறர்க்கு அதன் வாயில் எளிதில் திறக்கவில்லை.

1949இல் திரு-கொச்சி இராச்சியம் அமைந்தபின் நிலைமை மாறியது. திருவிதாங்கூர்ப் படை இந்தியப் படையோடு இணைந்தது. அதன் வழிவந்தவையே மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆம், 16ஆம் பட்டாளங்கள். மன்னருக்காக என்றிருந்த சேவை நாட்டுக்காக என்றாயிற்று. சம்பளமும் ஓய்வூதியமும் இளைஞரை ஈர்த்தன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வயிற்றுக்காகச் சேர்ந்தவனும் களத்தில் தோழனுக்காகவே நிற்கிறான். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றைக் கடந்து போரிட்டது 16ஆம் பட்டாளம். அதன் தலைவர் லெப்டினண்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அப்போரில் உயிர்நீத்து மகாவீர் சக்கரம் பெற்றார்.

ரெஜிமெண்டின் போர்முழக்கம் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது. அது தமிழா, மலையாளமா? இருவரும் தத்தம் மொழி என்றே கொள்ளலாம். நீலகிரி வெல்லிங்டனில் பயிற்சி பெறும் விளவங்கோட்டு இளைஞனுக்கும் நெய்யாற்றின்கரை இளைஞனுக்கும் அதற்கு உரை வேண்டுவதில்லை.

மாநில வரலாறுகளோ குளச்சலை ஒரு நூலிலும் நெய்யாற்றின்கரையை வேறொரு நூலிலுமாகப் பிரித்து வைக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வல்லவர்கள் ஓய்வுபெற்ற முதிய வீரர்களே. அவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஊருக்குச் செல்லும் விடுமுறையில் நம் பிள்ளைகள் அத்தகைய தாத்தா ஒருவரிடம் அமர்ந்து, “ஏன் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள்? உடன் நின்றவர் யார்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எல்லையின் இருபுறத்துக்கும் பொதுவான வரலாறு அவ்வேட்டில்தான் எஞ்சும்.