மேலிமைக்கடியில் எடுத்த ஒட்டு

முதலில் கண்ணில் உப்புத்தூளைப் போட வேண்டும். விளையாட்டில்லை, சுஸ்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் இந்த அறுவை அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆளை உட்கார வைத்து, உப்பால் கண்ணை உறுத்தவிட்டு, ஒத்தடம் கொடுத்து, கடைக்கண் பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிப் படர்ந்திருக்கும் சதை அப்போது தளர்ந்து சுருக்கம் காட்டும். அந்தச் சுருக்கத்தில் கொக்கியை மாட்டித் தூக்கி, வட்டமுனைக் கத்தியால் அறுக்க வேண்டும். சுஸ்ருதர் அந்தச் சதையை அர்மம் என்கிறார். அதில் ஐந்து வகை பிரிக்கிறார்.

நம்மூரில் ‘கண்ணுல சதை வளருது’ என்போம். டாக்டர் சீட்டில் டெரிஜியம் என்றிருக்கும். கிரேக்கத்தில் அதற்குச் சின்னச் சிறகு என்று பொருள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்: ஈயின் இறக்கைபோல முக்கோணமாக, சிவந்த நரம்போட்டத்தோடு. இதற்கு ஒரு தம்பி உண்டு. கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியிலேயே மஞ்சளாய்த் திரண்டு நின்றுவிடும் பிங்குவெகுலா. லத்தீனில் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் உள்ளே கொழுப்பு கிடையாது, வெயிலில் நைந்துபோன நார்தான். இரண்டுமே புற்றுநோய் அல்ல. புற்றுக்கட்டியும் சில சமயம் இதே வேஷத்தில் வரும் என்பதால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. மற்றபடி நிறையப் பேருக்குச் சொட்டு மருந்தும் வெயில் கண்ணாடியுமே போதும். சதை பார்வையை மறைக்கும் அளவுக்கு உள்ளே வந்தாலோ, கருவிழியை இழுத்துச் சிலிண்டர் பவரை ஏற்றினாலோதான் கத்தியைப் பற்றிப் பேச்சு வரும்.

கத்திக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் செல்சஸ், சதைக்கடியில் ஊசிநூல் கோத்துத் தூக்கி அறுக்கச் சொன்னார். ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவுக்காரர் பால், குதிரை மயிரை உள்ளே விட்டு ரம்பம்போல இழுத்தார். இத்தனை பேர் வெட்டியும் சதை திரும்ப வளர்ந்தது. குறைத்து வெட்டினால் சீக்கிரமே மறுபடி வளரும் என்று சுஸ்ருதரே எழுதி வைத்திருக்கிறார். மூக்கோர முனைவரை ஆழமாகப் போனாலோ ரத்தம் பெருகும், புரையோடும். ஆகவே கால்பங்கை விட்டுவிட்டு வெட்டு என்பது அவர் கணக்கு.

எல்லோரும் சதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சதை போன பிறகு வெறுமையாய்க் கிடக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க ஆளில்லை. 1948இல் ஆஸ்திரேலியரான டாம்பிரெயின் அதை யோசித்தார். யோசித்து, வேண்டுமென்றே வெறுமையாக விட்டார். பக்கத்தில் வெள்ளை விழியை மூடியிருக்கும் படலம் ஊர்ந்து வருவதற்குள் கருவிழிக் காயம் ஆறிவிடும் என்பது நம்பிக்கை. ஆபரேஷனும் சுலபமாக முடிந்தது. வெறும் நிலத்தில் கோரைதானே முதலில் முளைக்கும்? வெட்டியவற்றில் கால்வாசி திரும்பியது என்றது ஓர் ஆய்வு. பத்துக்கு ஒன்பது என்கிற அளவுக்குப் போனது இன்னொன்று. திரும்பி வந்தது முன்னதைவிடத் தடித்தும் இருந்தது.

அடுத்து களைக்கொல்லிக் காலம். ஸ்ட்ரான்ஷியத்தின் பீட்டா கதிரைக் காட்டினார்கள். 1963இல் ஜப்பானில், புற்றுநோய்க்கான மைட்டோமைசின் மருந்தைச் சொட்டாக்கிப் பார்த்தார்கள். சதை அடங்கியது, சிலருக்கு வெள்ளை விழியின் சுவரே மெலிந்து கரைந்தது. இன்றும் மைட்டோமைசினை விட்டுவிடவில்லை, அளந்துதான் தொடுகிறார்கள்.

திருப்பம் 1985இல் பாஸ்டனில் வந்தது. கென்னத் கென்யானும் கூட்டாளிகளும் வெறும் இடத்தை மூடினார்கள், அதே கண்ணிலிருந்து எடுத்த படலத்தால். 57 கண்களில் செய்ததில் 3இல்தான் சதை திரும்பியது. படலத்தை எடுத்த இடம் மேலிமைக்கு அடியில். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்: ஆயுசு முழுக்க இமைநிழலில் இருந்து வெயிலே காணாத துணியை எடுத்து, வெயிலில் நைந்த இடத்துக்கு ஒட்டுப்போடுகிறார்கள்.

கேட்க எளிது, கையில் எடுத்தால் தெரியும். ஈர வெங்காயத்தோல்போல ஒரு துண்டு. எடுத்த நொடியில் சுருண்டுகொள்ளும். எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று கண்ணுக்குப் புலப்படாது. கவிழ்த்து வைத்துவிட்டால் பிடிக்காது. அதனால் வெட்டுமுன்பே மேல்பக்கத்தில் ஊதா மையால் புள்ளி வைத்துவிடுகிறார்கள். கருவிழியோர விளிம்பு புது இடத்திலும் கருவிழியோரமாகவே அமர வேண்டும். கருவிழிக்கும் வெள்ளை விழிக்கும் நடுவே வரப்புபோலக் காவல் நிற்கும் மூலச்செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன என்பது எண்பதுகளில்தான் தெளிவாகி வந்தது.

வரப்பை உடைப்பது யார் என்பதற்கான நல்ல விளக்கம் அதற்கும் பிறகு, 1993இல், சிட்னியின் மினாஸ் கொரோனியோவிடமிருந்து வந்தது. பக்கவாட்டில் விழும் வெயிலைக் கருவிழி லென்ஸ்போல வளைத்து மூக்கோர விளிம்பில் குவிக்கிறது என்றார். எதிர்ப்பக்கத்து வெயிலை மூக்கு தடுத்துவிடுகிறது. சதை பெரும்பாலும் மூக்குப்பக்கமே முளைப்பது அதனால்தான். தலைக்கு மேல் சூரியனும் காலடியில் பளீரென்ற வெள்ளையுமாக நிற்கும் உப்பளத்துக்காரருக்கு முன்பக்கக் கண்ணாடி மட்டும் போதாது. பக்கவாட்டையும் மூட வேண்டும்.

ஒட்டைத் தைத்தவரை ஒரு தொல்லை பாக்கியிருந்தது. மயிரிழை நூல்தான், ஆனாலும் கண்ணில் மணல் விழுந்ததுபோல நாள்கணக்கில் உறுத்தும். 2004இல் ஸ்டாக்ஹோமின் கொரான்யி நூலை விட்டுவிட்டு ஃபைப்ரின் பசையைத் தடவினார். ‘வெட்டி ஒட்டு’ என்றே தன் கட்டுரைக்குப் பெயரும் வைத்தார். பசையின் மூலப்பொருள் மனித ரத்தத்தில் உறைதலுக்கான புரதங்கள். விலை கொஞ்சம் கடிக்கும். 2010இல் இங்கிலாந்து டாக்டர்கள் சிலர், அந்த ரத்தம் வெட்டிய இடத்திலேயே கசிகிறதே என்று பார்த்து, பசையையும் விட்டுவிட்டார்கள். கசிவின்மேல் துண்டைப் பரப்பிச் சில நிமிடம் காத்திருந்தால் உறைந்து பிடித்துக்கொள்கிறது. நம் நாட்டிலும் பல மருத்துவமனைகளில் இப்போது இப்படிச் செய்கிறார்கள்.

நூலும் இல்லை, பசையும் இல்லை என்பதால் முதல் சில நாள் ஒட்டு தொட்டால் நகர்கிற நிலையில்தான் இருக்கும். கட்டுப்போட்டு அனுப்பும்போது நர்ஸ் மாத்திரைச் சீட்டைக்கூட அப்புறம்தான் நீட்டுகிறார்: “கண்ணைக் கசக்கிடாதீங்கய்யா, தூக்கத்துலகூட.”