நாகர்கோவில்

நாகர்கோவில் கன்னியாகுமரி மாவட்டத்தின் தலைநகர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,24,849, 2019இல் மாநகராட்சியானது. இது ஒரே ஊராகப் பிறந்ததல்ல. கோட்டாறு, வடசேரி, வடிவீஸ்வரம், ஒழுகினசேரி எனத் தனித்தனிக் கோயிலும் தெருக்களும் கொண்ட ஊர்கள் பழையாற்றின் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து நகரமாயின. வெளியூர்க்காரருக்கு எல்லாமே நாகர்கோவில். உள்ளூரில் இன்றும் கோட்டாத்துக்குப் போகிறேன், வடசேரிக்குப் போகிறேன் என்பதே பேச்சு.

இவற்றில் மூத்தது கோட்டாறு. கிரேக்கப் புவியியலாளர் தாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆய் நாட்டு ஊராகக் குறித்த கொட்டியாரா இதுவே என்பர் ஆய்வாளர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டிநாட்டிலிருந்து சேரநாட்டுக்குப் போகிறவர்கள் இதைத் தொட்டே போகவேண்டும். அதனால் வணிகரும் வந்தார்கள், படைகளும் வந்தன. முதலாம் குலோத்துங்க சோழன் இங்கே நிலைப்படை நிறுத்தினான்.

நகரத்துக்குப் பெயர் தந்தது நாகராஜா கோயில். அதன் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்களுக்கு அளித்த கொடைகளைச் சொல்கின்றன. பார்சுவநாதரின் தலைக்கு மேல் படமெடுத்த நாகம், காலப்போக்கில் நாகராஜராகவே வணங்கப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் அனந்தகிருஷ்ணன் சந்நிதி. தைத் தேர் இவருக்குத்தான். நாகராஜரின் கருவறைக்கு மட்டும் இன்றும் ஓலைக்கூரை. ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். ஈரம் மாறாத கருவறை மண்ணே பிரசாதம். அது ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பது பக்தர் நம்பிக்கை. ஆவணி ஞாயிறுகளில் அரசமரத்தடி நாகர் சிலைகளுக்குப் பெண்கள் பாலும் மஞ்சளும் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். கல்லெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கும்.

கடற்கரை வழியே 1540களில் கிறிஸ்தவம் பரப்ப வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 'கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்' என்று சாதி மதம் பாராமல் கூட்டம் கூடும் அவரது திருவிழா நாளான டிசம்பர் 3, மாவட்டத்துக்கே விடுமுறை. கோட்டாறு சவேரியார் பேராலயத்தில்தான் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை உள்ளது. 1745இல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022இல் வத்திக்கான் புனிதராக அறிவித்தது. துறவியாகாத இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல்முறை.

சீர்திருத்தத் திருச்சபையைக் கொண்டுவந்தவர் ரிங்கல்தௌபே. இன்று போலந்தைச் சேர்ந்த சிலேசியாவில் பிறந்த அவர், 1806இல் மகராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பில் மயிலாடிக்கு வந்தார். 1818இல் வந்த சார்லஸ் மீட், மயிலாடிப் பள்ளியை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அதன் வழிவந்ததே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. 1820இல் அவர் நிறுவியது திருவிதாங்கூரின் முதல் அச்சகமாகக் கருதப்படுகிறது. மார்த்தா மால்ட் 1819இல் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, பின்னர் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. இந்நகரின் வரலாற்றில் எந்தப் போர் வெற்றியைவிடவும் இதுவே பெரிது. மாராப்புச் சேலை அணியும் உரிமைக்காகச் சாணார் பெண்கள் 1822 முதல் பட்ட பாடு, 1859 ஜூலை 26 அரசாணையில்தான் ஓரளவேனும் பலன் கண்டது.

திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணையவும் இந்த மண் உயிர் கொடுத்தது. வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி முன்னின்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டில் பலர் மாண்டனர். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் பிறந்தது. நேசமணி மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது.

இரண்டு மொழிகள் புழங்கிய இந்த எல்லைப்புறம் எழுத்தாளர்களுக்கு நல்ல விளைநிலம். அருகிலுள்ள தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, சொத்தெல்லாம் மருமக்களுக்கே போகும் நாஞ்சில் வேளாளர் வழக்கத்தை 'மருமக்கள்வழி மான்மியம்' பாடி நையப்புடைத்தார். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நாற்சந்தி மரமொன்றைச் சுற்றி ஒரு நகரம் மாறுவதைச் சொல்கிறது. இந்த ஊரை அறிந்தவர்களுக்கு அது எந்த நகரம் என்று சொல்லவேண்டியதில்லை. அவர் 1988இல் தொடங்கிய 'காலச்சுவடு' இதழ் இங்கிருந்தே வருகிறது. வீரநாராயணமங்கலத்துக்காரரான நாஞ்சில் நாடன் 2010இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பூதப்பாண்டியில் பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தமும், ஒழுகினசேரியில் 1908இல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் பிறந்தனர். கலைவாணருக்கு வில்லுப்பாட்டு, கோயில் கொடை விழாக்களில் கேட்டு வளர்ந்த கலை. அதைச் சமூகச் சீர்திருத்தம் பேசவைத்தார்.

வடசேரிக் கைவினைஞர்களின் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளிக்கூட்டில் அரக்கு நிரப்பி, செந்நிறக் கெம்புக் கற்களைப் பதித்து, தங்கத்தாளால் விளிம்பு கட்டுகிறார்கள். சாமிக்குச் செய்த நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் ஜடைநாகமும் இன்று பரதநாட்டியக் கலைஞர்களுக்காக நாடெங்கும் போகின்றன.